இந்தியா எங்கிருந்து வந்தது? கண்ட நகர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டங்கள் நகர்கின்றன என்று எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம், பரீட்சை முடிந்ததும் மறந்தும் போயிருப்போம். எங்காவது நிலம் நடுங்கினாலோ, குமரிக்கண்டம் பற்றி யாராவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாலோ சந்தேகங்கள் திரும்பக் கிளம்பும். உலகம் முழுக்கச் சுற்றாமல், நாம் நிற்கும் இந்தியத் தட்டை நடுவில் வைத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். தட்டுகளின் கணக்கு கோடி ஆண்டுகளில் ஓடுகிறது. கடல் மட்டம் ஏறி இறங்கும் கணக்கு ஆயிரம் ஆண்டுகளில் ஓடுகிறது. குழப்பங்களில் பாதி இந்த இரண்டையும் கலப்பதால் வருபவை.

கண்டம் நகர்கிறது என்றால், உண்மையில் எது நகர்கிறது?

கண்டம் தனியாக நகர்வதில்லை. பூமியின் மேற்பகுதி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தடிமனுக்கு, பெரிதும் சிறிதுமாகப் பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. கண்டமும் அதை ஒட்டிய கடலடித் தரையும் பெரும்பாலும் ஒரே தட்டில்தான் இருக்கும். சென்னையும் வங்கக் கடலின் பெரும்பகுதியும் இந்தியத் தட்டின் மேல்தான் உள்ளன. தட்டு போகும்போது எல்லாம் சேர்ந்தே போகின்றன.

வேகம்? உங்கள் விரல் நகம் வளரும் வேகம்தான், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். அட்லாண்டிக் கடல் ஆண்டுக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் அகலமாகிறது. பசிபிக்கின் சில இடங்களில் கடலடித் தரை 15 சென்டிமீட்டர் வரை விரிகிறது. ஒரு மனித ஆயுளில் இது இரண்டு மூன்று மீட்டர். ஒரு கோடி ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்.

தட்டுகள் எரிமலைக் குழம்பின் மேல் மிதக்கின்றன என்கிறார்களே?

இல்லை. பலர் மனதில் பதிந்துபோன தவறான படம் இது. தட்டுகளுக்கு அடியில் இருப்பது கவசம் எனப்படும் அடுக்கு, அது திடப் பாறை. நிலநடுக்க அலைகளில் ஒரு வகை திரவத்தின் ஊடே போகாது, கவசத்தின் ஊடே தாராளமாகப் போகிறது. அது திரவம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அது கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இருக்கும் பாறை. பனியாறு திடப்பொருளாக இருந்துகொண்டே மலைச்சரிவில் மெல்ல இறங்குகிறது இல்லையா, அதுபோல இந்தப் பாறையும் லட்சக்கணக்கான ஆண்டுகளில் வழிந்து நகரும். குழம்பு உருவாவது சில இடங்களில் மட்டும், அதுவும் கொஞ்சமாக.

அப்படியானால் தட்டைத் தள்ளுவது எது?

தள்ளுவதைவிட இழுப்பதுதான் அதிகம். நடுக்கடல் மலைத்தொடர்களில் புதிதாகப் பிறக்கும் கடலடித் தட்டு சூடாகவும் லேசாகவும் இருக்கும். விலகி விலகிப் போகப் போகக் குளிர்ந்து கனத்துவிடும். கடைசியில் இன்னொரு தட்டுக்கு அடியில் சரிந்து கவசத்துக்குள் இறங்கும்போது, தன் எடையால் பின்னால் இருக்கும் மொத்தத் தட்டையும் இழுத்துக்கொண்டு போகும். இந்த இழுவைதான் முக்கிய விசை என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. பூமி பிறந்தபோது மிஞ்சிய வெப்பமும், யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவில் வரும் வெப்பமும் உள்ளே தீராமல் இருக்கும் வரை இது நிற்காது.

இதை முதலில் சொன்னது யார்? ஏன் ஏற்கவில்லை?

தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் பொருந்துவதை வரைபடம் தயாரித்த ஆபிரகாம் ஆர்டீலியஸ் 1596-லேயே குறிப்பிட்டிருக்கிறார். சான்றுகளைத் திரட்டி ஒரு கொள்கையாக வைத்தவர் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர். 1912 ஜனவரியில் ஃபிராங்ஃபர்ட்டில் பேசினார், 1915-ல் நூலாக வெளியிட்டார். எல்லாக் கண்டங்களும் ஒரு காலத்தில் பாஞ்சியா என்ற ஒரே நிலப்பரப்பாக இருந்தன என்றார்.

வேகனர் படித்தது வானியல், வேலை பார்த்தது வானிலைத் துறையில். வெளியாள் வந்து பாடம் எடுத்தால் புவியியலாளர்களுக்கு எப்படி இருக்கும்! ஆனால் அவர்களை வெறும் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. எந்த விசை கண்டங்களை நகர்த்துகிறது என்ற கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இல்லை. பூமி சுழல்வதால் வரும் விசை, சந்திரனின் ஈர்ப்பு என்று அவர் சொன்னவை ஒரு கண்டத்தை அசைக்கக் கொஞ்சமும் போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கணக்கு சரிதான். 1930-ல் கிரீன்லாந்துப் பயணத்தில், பனிக்கு நடுவே, வேகனர் இறந்துபோனார். வயது 50.

அப்புறம் எப்படி நம்பினார்கள்?

பதில் கடலுக்கு அடியில் இருந்தது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மேரி தார்ப், கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளை வைத்து அட்லாண்டிக் தரையை வரைந்துகொண்டிருந்தார். நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் நீளவாக்கில் ஒரு பிளவுப் பள்ளம் ஓடுவதைக் கவனித்தார். கூட வேலை பார்த்த புரூஸ் ஹீசன் முதலில் அதைப் பெண்கள் பேச்சு என்று ஒதுக்கினார். கடலடி நிலநடுக்கப் புள்ளிகள் அதே பள்ளத்தின் மேல் வரிசையாக விழுந்தபோதுதான் ஒப்புக்கொண்டார். கடலடித் தரை அங்கே பிளந்து விரிகிறது என்ற கருத்தை 1960-களின் தொடக்கத்தில் ஹாரி ஹெஸ்ஸும் ராபர்ட் டீட்ஸும் முன்வைத்தார்கள்.

அடுத்த திருப்பம் நம் அரபிக் கடல் பக்கம் நடந்தது. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது வடக்கு தெற்காகத் தலைகீழாகும். குழம்பு குளிர்ந்து பாறையாகும்போது அன்றைய காந்தத் திசை அதில் பதிந்துவிடும். இந்தியப் பெருங்கடலின் வடமேற்கில் உள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் மேல் 1962-ல் ஓவன் என்ற பிரிட்டிஷ் கப்பல் எடுத்த காந்த அளவுகள், கேம்பிரிட்ஜில் ஃபிரட் வைன் என்ற இளம் ஆய்வாளர் கைக்கு வந்தன. அவரும் வழிகாட்டியான டிரம்மண்ட் மேத்யூஸும் 1963-ல் விளக்கம் தந்தார்கள்: மலைத்தொடரில் பிறக்கும் தரை இரண்டு பக்கமும் விலகும்போது, நேர்த்திசை, எதிர்த்திசை என்று காந்தப் பட்டைகள் மாறி மாறிப் பதிந்திருக்கின்றன. கனடாவில் லாரன்ஸ் மோர்லியும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். 1960-களின் இறுதிக்குள் எதிர்ப்பு அடங்கிவிட்டது. வேகனர் முட்டி நின்ற கேள்வியும் தானாகக் கரைந்தது. கண்டம் கடலடியை உழுதுகொண்டு போகத் தேவையில்லை, கடலடியும் சேர்ந்தே நகர்கிறது.

சரி, இந்தியா எங்கிருந்து கிளம்பியது?

பாஞ்சியாவின் தென்பகுதியாக இருந்த கோண்டுவானா என்ற பெருநிலத்தில் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒட்டியிருந்தன. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அது உடையத் தொடங்கியது. முதலில் இந்தியாவும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் ஒரு கூட்டமாக ஆப்பிரிக்காவிடமிருந்து பிரிந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்டிகாவை விட்டு விலகியது. நம் சோழமண்டலக் கரை பிறந்தது அப்படித்தான். சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் கழன்றது. கடைசியாகச் செஷல்ஸ், சுமார் 6.4 கோடி ஆண்டுகளுக்கு முன்.

எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவுக்கு சுமார் 6,400 கிலோமீட்டர் தெற்கே, நாலாபுறமும் கடல் சூழ்ந்த தீவாக இருந்தது.

ஒட்டியிருந்தன என்பதற்கு என்ன ஆதாரம்? யாராவது பார்த்தார்களா?

நியாயமான கேள்வி. பார்த்தவர் இல்லை, தடயங்கள் ஏராளம்.

குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன தாவரத்தின் நாக்கு வடிவ இலைகள் மத்திய இந்தியாவின் நிலக்கரிப் படிவுகளில் கிடைக்கின்றன. அதே இலைகள் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு. 1912-ல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் உயிரிழந்த ஸ்காட் என்ற பிரிட்டிஷ் பயணியின் குழுவினர் கடைசி வரை கூடவே இழுத்துவந்த சுமார் 16 கிலோ கற்களிலும் இருந்தன. லிஸ்ட்ரோசாரஸ் என்ற தரைவாழ் விலங்கின் எலும்புகள் இந்தியா, தென்னாப்பிரிக்கா, அண்டார்டிகா மூன்றிலும் கிடைத்திருக்கின்றன. பெருங்கடலை நீந்திக் கடக்கும் உடம்பு இல்லை அது.

பாறைகளும் சாட்சி சொல்கின்றன. தென் கேரளம், இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அண்டார்டிகா ஆகியவற்றின் ஆழ்பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா ஒன்றுசேர்ந்த சமயத்தில், ஒரே காலத்தில் வெந்து உருமாறியவை.

எனக்குப் பிடித்த சாட்சி உயிரோடு இருப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊதா நிறத்தில், உப்பிய உடம்பும் பன்றி மாதிரி கூர்மூக்குமாக ஒரு தவளை உண்டு. ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கிடந்து, மழைக்காலத்தில் சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு வெளியே வரும். அறிவியல் உலகுக்கு அது அறிமுகமானதே 2003-ல்தான். 2017-ல் தமிழகப் பக்கத்து மலையிலிருந்தும் அதன் இனத்தில் இன்னொன்றை விவரித்தார்கள். இதன் நெருங்கிய சொந்தக்காரத் தவளைகள் இருப்பது பக்கத்தில் எங்கும் இல்லை, செஷல்ஸ் தீவுகளில். தவளையின் தோல் உப்புநீரைத் தாங்காது. நிலம் பிரிந்தபோது குடும்பமும் பிரிந்தது.

தக்காணத்து எரிமலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கே போய்க்கொண்டிருந்த இந்தியத் தட்டு, கவசத்தின் ஆழத்திலிருந்து சூடு மேலெழும் ஓர் இடத்தைக் கடந்தது. பிளவுகள் வழியே குழம்பு வெள்ளமாகப் பொங்கிப் படிந்தது. இன்று எஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர், சில இடங்களில் 2 கிலோமீட்டருக்கு மேல் தடிமன். மும்பையிலிருந்து புனே போகும் மலைப்பாதையில் படிப்படியாகத் தெரிகிற கறுப்பு அடுக்குகள் அவைதான். அஜந்தா, எல்லோரா குகைகள் குடையப்பட்டதும் இந்தப் பாறையில்தான்.

தட்டு போய்விட்டது, அடுப்பு அங்கேயே இருந்தது. அதனால் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ், மொரீஷியஸ் என்று ஒரு தடம் தெற்கே நீள்கிறது. அதன் முனையில் ரீயூனியன் தீவின் எரிமலை இன்றும் கக்குகிறது. தட்டு வந்த வழியை வரைபடத்திலேயே விரல் வைத்துப் பார்க்கலாம்.

இந்தியா மட்டும் ஏன் அவ்வளவு வேகமாக வந்தது?

ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டரையும் தாண்டியது, ஒரு கண்டத்துக்கு இது அசாத்திய வேகம். தக்காணத்துக்கு அடியில் மேலெழுந்த அந்தச் சூட்டின் உந்துதல் என்கிறார்கள் சிலர், வடக்கே ஒன்றுக்கு இரண்டாகத் தட்டு அமிழும் இடங்கள் சேர்ந்து இழுத்தன என்கிறார்கள் சிலர். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆசியாவோடு மோதியபோது என்ன ஆனது?

நடுவில் டெத்திஸ் என்ற கடல் இருந்தது. அதன் தரை ஆசியாவுக்கு அடியில் அமிழ்ந்தபடியே இந்தியாவை இழுத்து வந்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் (சிலர் கொஞ்சம் முன்னே சொல்வார்கள், சிலர் பின்னே) கண்டமும் கண்டமும் முட்டின. கண்டப் பாறை லேசானது, கடலடித் தரை போல ஆழத்துக்கு அமிழாது. எனவே மடிந்தது, நொறுங்கியது, ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. திபெத்துக்கு அடியில் மேலோடு, அதாவது தட்டின் மேலடுக்கு, சுமார் 70 கிலோமீட்டர் தடிமன், வழக்கமான கண்டத்தைப் போல இரண்டு மடங்கு. வேகமும் ஆண்டுக்கு சுமார் 5 சென்டிமீட்டராகக் குறைந்தது.

கடல் இருந்ததற்கு அடையாளம் வேண்டுமா? எவரெஸ்ட் உச்சியின் பாறை சுண்ணாம்புக்கல், அதில் கடல்வாழ் உயிர்களின் துணுக்குகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் ஏற வேண்டாம். வைணவர் வீட்டுப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமத்தைப் பாருங்கள். நேபாளத்தில் கண்டகி ஆறு இமயத்தை அறுத்து உருட்டிவரும் கறுப்பு உருண்டைக் கல் அது. வாய் திறந்திருக்கும் கல்லில் உள்ளே எட்டிப் பார்த்தால், விளிம்பு வரை வரிவரியாக முகடுகள் ஓடும் ஒரு சுருள் தெரியும். சக்கரம் என்று வணங்கப்படும் அந்தச் சுருள், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் டெத்திஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரியின் ஓடு பதிந்த அச்சு.

இமயமலை இன்னும் வளர்கிறதா?

வளர்கிறது, அதே சமயம் மழையும் பனியும் அரித்துக்கொண்டும் இருக்கின்றன. இந்தியாவின் நெருக்குதலில் ஆண்டுக்கு சுமார் 2 சென்டிமீட்டரை இமயமலையே தாங்குகிறது. அந்த இறுக்கம் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் விடுபடும். 2015 ஏப்ரல் 25-ல் நேபாளத்தில் வந்த 7.8 அளவு நிலநடுக்கத்தில் காத்மாண்டு பகுதி சில விநாடிகளில் ஒன்றரை மீட்டருக்கும் மேல் தெற்கே நகர்ந்துவிட்டது.

குமரிக்கண்டம் என்பது இந்தப் பிரிந்துபோன கண்டம்தானே?

இல்லை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

லெமூரியா என்ற கருத்து 1864-ல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் சொன்னது. மடகாஸ்கரில் குரங்குக்கு உறவான லெமூர்கள் உள்ளன, இந்தியாவிலும் இலங்கையிலும் அவற்றின் உறவான தேவாங்கு உள்ளது, ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் லெமூர்கள் இல்லை. எனவே நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று நினைத்தார். கண்டம் நகரும் என்று யாரும் நினைக்காத காலத்தில் அது மோசமான ஊகம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், கண்ட நகர்வும் லெமூர் புதிரைத் தீர்க்கவில்லை. மடகாஸ்கர் பிரிந்த காலம் லெமூர்களுக்கு மிகவும் முந்தியது. அவற்றின் மூதாதைகள் ஆப்பிரிக்காவிலிருந்து மிதக்கும் மரம் மட்டைகளில் தொற்றிக் கரையேறின என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

அறிவியல் கைவிட்ட பிறகு லெமூரியாவைப் பிரம்மஞான சபையினர் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் அது நம் இலக்கியத்தின் கடல்கோள் செய்திகளோடு கலந்து குமரிக்கண்டம் ஆனது. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறதே, அது பொய்யா என்று உடனே கேட்பார்கள். பொய் என்று நான் சொல்லவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது பாக் நீரிணை தரை. மீனவர்களுக்கு நன்கு தெரிந்த, குமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் மேட்டிலும் ஒரு பகுதி தரையாக இருந்திருக்கும். பிறகு கடல் ஏறியபோது கரையோர மக்கள் நிலம் இழந்ததும், அந்த நினைவு தலைமுறைகளாக வந்ததும் நடக்கக்கூடியதே.

ஆனால் அது கரையோர நிலம், கண்டம் அல்ல. மேட்டைத் தாண்டினால் கடல் கிடுகிடுவென இறங்கி ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமாகிவிடும். அங்கே தரை கடலடிப் பாறை, கண்டப் பாறை அல்ல. 2017-ல் மொரீஷியஸின் இளம் எரிமலைப் பாறைக்குள் 300 கோடி ஆண்டு வயதுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் மணிகள் கிடைத்த செய்தியைச் சிலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். கீழே பழைய கண்டத் துணுக்கு இருக்கிறது என்பது அதன் பொருள். அது துண்டாகி அமிழ்ந்தது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன். நம் இனமான மனிதன் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அங்கே தமிழ்ச் சங்கம் கூடியிருக்க முடியாது.

இலங்கை நம்மை விட்டு விலகிப் போகிறதா?

இல்லை, இரண்டும் ஒரே தட்டு. நடுவில் இருப்பது ஆழமில்லாத கடல், அவ்வளவுதான்.

2004 சுனாமி தட்டு நகர்வால் வந்ததா?

ஆம். சுமத்ரா, அந்தமான் வரிசையில் இந்தியத் தட்டு கிழக்குப் பக்கத்துத் தட்டுக்கு அடியில் சரிகிறது. பூட்டிக்கொண்டிருந்த அந்த விளிம்பு 2004 டிசம்பர் 26 காலை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு விடுபட்டது. அளவு 9.1. கடலடித் தரை திடீரென உயர்ந்து மேலிருந்த நீரைத் தூக்கியது. நாகப்பட்டினத்துக்கு அலை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை என்பதுதான் ஆறாத விஷயம். இந்தியப் பெருங்கடலுக்கான எச்சரிக்கை ஏற்பாடு அதன் பிறகே வந்தது.

தமிழ்நாடு தட்டின் நடுவில்தானே இருக்கிறது? நமக்கு நிலநடுக்க ஆபத்து இல்லையே?

குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. தட்டின் உட்பகுதியிலும் பழைய பிளவுகள் உண்டு. 1993-ல் லாத்தூர், 2001-ல் பூஜ் இரண்டுமே தட்டின் விளிம்பில் இல்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் பக்கமே ஏறக்குறைய 6 அளவில் ஒன்று வந்திருக்கிறது.

இத்தனை மெதுவான நகர்வை எப்படி அளக்கிறார்கள்?

பாறையில் ஊன்றிய ஜி.பி.எஸ். நிலையங்கள் ஆண்டுக்கணக்கில் தங்கள் இடத்தை மில்லிமீட்டர் அளவுக்குப் பதிவு செய்கின்றன. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இப்படி நிலையங்கள் உள்ளன. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு சுமார் 7 சென்டிமீட்டர் வடகிழக்கே போவதால், 1994-ஐ அடிப்படையாக வைத்த அவர்களின் அதிகாரபூர்வ வரைபட ஆயங்கள் (இடத்தைக் குறிக்கும் எண்கள்) 2020-க்குள் 1.8 மீட்டர் பிசகிவிட்டன. மொத்த நாட்டுக்கும் ஆயங்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

இப்போது புதிதாக எங்காவது கண்டம் பிரிகிறதா?

கிழக்கு ஆப்பிரிக்காவில். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் 2005 செப்டம்பரில், சில வாரங்களுக்குள், சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்தது, சில இடங்களில் 8 மீட்டர் வரை. செங்கடல் பிறந்ததும் இதே வேலையால்தான். ஆப்பிரிக்கா நாளைக்கே இரண்டாகிவிடும் என்று வரும் காணொளிகளை நம்ப வேண்டாம், கடல் உள்ளே வரப் பல லட்சம் ஆண்டுகளாவது ஆகும்.

இந்தச் சான்றுகளைப் பக்கத்தில் எங்கே பார்க்கலாம்?

சென்னையில் இருப்பவர்கள் பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளைப் பார்க்கலாம். கருநீலச் சாயலில் மின்னும் சார்னோகைட் பாறை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இங்கிருந்து போனது, பாறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இதே வகைப் பாறை அண்டார்டிகாவிலும் உண்டு.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் போனால் கிழக்குக் கரை பிறந்த பிறகு உள்ளே ஏறிய கடலின் படிவுகள் கிடைக்கும். நம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தரும் பூமி அது. காரை என்ற ஊருக்கு அருகே ஓடைகள் அரித்த செம்மண், வெண்மண் மேடுகளில் அம்மோனைட்டும் சிப்பியும் தட்டுப்படும். பெரம்பலூர் அருகே 2020-ல் டைனோசர் முட்டை என்று பரபரப்பானவையும் அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்த உருண்டைகளே. சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது, வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது.

மடகாஸ்கர் பிரிந்த இடத்தைப் பார்க்க உடுப்பி பக்கம் மல்பே போக வேண்டும். அங்கிருந்து படகில் எட்டும் செயின்ட் மேரீஸ் தீவுகளில், பிரிவின்போது பொங்கிய குழம்பு குளிர்ந்து ஆறுபக்கத் தூண்களாக நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் படகு ஓடாது, அதைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.